ஸ்டீல் பிரேக் ஹோஸ் மாட்டும் முன்...

(வாகனப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டத்தில் கார் மெக்கானிக் ஒருவர் ஆற்றிய உரை)

நான் 22 வருடமாக ஸ்பேனர் பிடிப்பவன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. தொழிலில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

லீவு விட்டால் குடும்பத்தோடு மலைக்குக் கிளம்பிவிடுகிறோம். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைப் பாதையில் 40. கிளம்புவதற்கு முன், "அண்ணே, ஸ்டீல் பிரேக் ஹோஸ் மாட்டிக் குடுங்க" என்று இளைஞர்கள் வருகிறார்கள். பார்சலில் வாங்கித் தாங்களே மாட்டுகிறவர்களும் உண்டு.

அது என்ன? பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் இரும்புக் குழாய் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. சக்கரம் திரும்பும், மேலும் கீழும் ஆடும் என்பதால் கடைசித் துண்டு மட்டும் ரப்பர் ஹோஸ். ரப்பர் பழசானால் அழுத்தத்தில் சற்று உப்பும். பெடல் மெத்தென்று இருக்கும். ஸ்டீல் ஹோஸில் உள்ளே டெஃப்லான் குழாய், வெளியே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிப் பின்னல். அது அவ்வளவாக உப்பாது. பெடல் கெட்டியாக இருக்கும். லாபம் அவ்வளவுதான். டயர் தேய்ந்திருந்தால் எந்த ஹோஸ் மாட்டினாலும் வண்டி சீக்கிரம் நிற்காது.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். என் மச்சான் காருக்கு முன்பக்கம் இரண்டு ஸ்டீல் ஹோஸ் மாட்டினேன். ஏர் எடுத்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. ஆனால் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு ஹோஸ் முறுக்கிக்கொண்டு, வளைவில் திரும்பும்போதெல்லாம் சக்கரத்தின் உள்பக்கம் உரசியிருக்கிறது. மூன்று வாரம் கழித்து, ராத்தாவும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்க, மலை இறக்கத்தில் பெடல் திடீரென்று கீழே போய்விட்டது. கார் பிரேக்கில் ஆயிலுக்கு இரண்டு தனித்தனிப் பாதை உண்டு. ஒன்று போனாலும் மற்றது ஓரளவு பிடிக்கும். மச்சான் பதறாமல் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிறுத்தினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்தா மட்டும், "நீ பாத்துத்தானே தம்பி குடுத்தே?" என்று கேட்டார். ஒவ்வொரு வண்டியை வெளியே விடும்போதும் அந்தக் கேள்வி இன்றும் காதில் விழுகிறது.

ஆகவே, மாட்டுவதாக இருந்தால் ஐந்து விஷயம்.

ஒன்று: உங்கள் மாடலுக்கென்றே செய்து, அழுத்தச் சோதனை முடிந்த ஹோஸாக இருக்கட்டும்.

இரண்டு: காலிபரில் சேரும் போல்ட்டின் இருபுறமும் உள்ள செப்பு வாஷர் ஒருமுறை நசுங்கியது. புதிது போடுங்கள். கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள்.

மூன்று: சக்கரம் தொங்கும்போதும் தரையில் நிற்கும்போதும் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஹோஸ் இழுபடக் கூடாது, முறுக்கக் கூடாது, உரசக் கூடாது. கம்பிப் பின்னல் அரம் மாதிரி; பக்கத்தில் போகும் ஏபிஎஸ் ஒயரையே அறுத்துவிடும்.

நான்கு: ஏர் எடுக்கும்போது மேலே டப்பாவில் ஆயில் தீரவிடாதீர்கள். மூடியில் எழுதியிருக்கும் ரகத்தையே, சீல் பிரிக்காத டின்னிலிருந்து ஊற்றுங்கள். டாட் 3, டாட் 4 ஆயிலோடு சிலிக்கான் டாட் 5 கலக்கவே கூடாது.

ஐந்து: எஞ்சின் ஓடும்போது ஒருவர் பெடலைப் பலமாக மிதிக்க, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு பாருங்கள். பிறகு காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டுங்கள். சில நாள் கழித்து மறுபடி பாருங்கள். மாட்டிய மறுநாளே மலை ஏறாதீர்கள்.

கையில் பணம் குறைவாக இருந்தால் முதல் செலவு ஹோஸ் அல்ல, பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் 155 வரைக்கும் இறங்கலாம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் வெறுமையாக இறங்கும். அப்போது ஸ்டீல் ஹோஸ் காப்பாற்றாது. 2 வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். ரப்பர் ஹோஸில் வெடிப்பு, உப்பல், கசிவு இருந்தால் உடனே மாற்றுங்கள். இறக்கத்தில் சின்ன கியரிலேயே இறங்குங்கள். பெரும்பாலான குடும்ப வண்டிக்கு இதுவே போதும்.

வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. "பெடல் கொஞ்சம் கீழே போகுது, பரவாயில்லை" என்று யார் சொன்னாலும், அன்று பயணம் வேண்டாம். வெளியே என் டூல் பாக்ஸ் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வண்டியைக் கொண்டு வாருங்கள், இனாமாகவே பார்த்துத் தருகிறேன். வஸ்ஸலாம்.