தெள்ளின் வயிற்றில் ஒரு நொதியம்

எலிகள் செத்து விழத் தொடங்கினால் வீட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்பது, இமயமலைச் சாரலிலே குமாவூன் மக்கள் பிளேக்கு நோயிடம் கற்றுக்கொண்ட பாடம். அந்நோயின் கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் 1894 இல் ஹொங்கொங்கில் கண்டறிந்தார். அதனை எலியிலிருந்து ஏற்றிச் செல்வது தெள்ளே என்பதை 1898 இல் போல் லூயி சிமோந்து கராச்சியிற் பரிசோதித்துக் காட்டினார்.

ஆகவே இக்கிருமிக்கு வீடுகள் இரண்டு. ஒன்று, ஏறக்குறைய 37 பாகை செல்சியசு வெப்பமுள்ள பாலூட்டியின் உடல். மற்றது, சுற்றுப்புறத்தின் வெப்பத்தையே தன் வெப்பமாகக் கொண்ட தெள்ளின் வயிறு. கண்ணும் காதும் இல்லாத கிருமி, தான் எவ்வீட்டில் இருக்கின்றது என்பதைப் பெரிதும் வெப்பநிலையைக் கொண்டே அறிந்து, அதற்கேற்ற பொருள்களை ஆக்கிக்கொள்கின்றது.

1950களில் ஆய்வாளர் இக்கிருமியின் உடலிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்கினர். அதனை ஊசிமூலம் செலுத்தியபோது சுண்டெலிகளும் எலிகளும் மடிந்தன. முயலுக்கோ கினிப்பன்றிக்கோ அவ்வளவு தீங்கு விளையவில்லை. எனவே அதற்குச் சுண்டெலி நஞ்சு எனப் பெயர் சூட்டினர். எலியைக் கொல்லும் ஆயுதம் அதுவே எனக் கருதியதில் வியப்பில்லை.

ஆயினும் ஒன்று பொருந்தவில்லை. 26 பாகையில் வளர்ந்த கிருமியில் அது நிறைய இருந்தது. 37 பாகையில் வளர்ந்ததிற் குறைந்தே காணப்பட்டது. போர்க்களத்துக்குப் புறப்படும் வீரன் வாளை வீட்டிலே வைத்துவிட்டுப் போவானா? தவிரவும், இந்நஞ்சு கிருமியின் உடலுக்குள்ளேயே தங்குவது, வெளியே உமிழப்படுவதன்று.

ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஹின்னபுஷ் என்பாரும் அவர்தம் துணைவரும் 2000 ஆம் ஆண்டில், அப்புரதம் பொசுபரசு சேர்ந்த கொழுப்புப் பொருள்களை வெட்டும் ஒரு நொதியம் எனக் காட்டினர். அதற்குரிய மரபணுவை நீக்கிய கிருமியும் சுண்டெலிகளை முன்போலவே கொன்றது. பெயர் பொய்த்துவிட்டது. அப்படியாயின் அந்நொதியத்தின் தொழில்தான் யாது?

விடை 2002 இல் தெள்ளின் வயிற்றிலே கிடைத்தது. நொதியமற்ற கிருமிகளைத் தெள்ளுகளுக்கு இரத்தத்தோடு ஊட்டியபோது, கோல்வடிவான அவை உருக்குலைந்து உருண்டையாகி, நடுக்குடலிலிருந்து விரைவில் மறைந்தொழிந்தன. குருதி செரிக்கும்போது உண்டாகும் ஏதோ ஒரு பொருள் அவற்றை அழிக்கின்றது. நொதியமோ உள்ளிருந்தே கிருமியைக் காக்கின்றது. கொல்வதற்கென்று எண்ணப்பட்டது உண்மையிற் கவசமாகவே இருந்தது! குளிர்ந்த வீட்டிலே அது மிகுதியாக ஆக்கப்படுவதன் காரணமும் இதனால் விளங்கிற்று.

தெள்ளை வெறும் வண்டியெனக் கொள்ளுதல் தவறு என்பதை இலங்கை நேயர்கள் நன்கு உணரலாம். 1914 இல் கொழும்பில் பிளேக்கு தோன்றியபோது, மாநகரின் நுண்ணுயிரியலாளர் ஹேர்ஸ்ற்று எலிகளின் தெள்ளுகளை இனம்பிரித்துப் பார்த்தார். அங்கு மிகுந்திருந்தது பேர்பெற்ற சியோப்பிசு இனம் அன்று. அசுத்தியா என்னும் வேறோர் இனம். நோயைப் பரப்புவதில் இது சியோப்பிசுக்கு ஈடாகாது என்பது அவர் துணிபு.

இந்நொதியத்தின் மரபணு கிருமிக்குப் பிறப்பிலே வாய்த்ததன்று. அது பின்னர் வந்துசேர்ந்த தனி வளையமொன்றில் அமைந்துள்ளது. வெண்கலக் காலத்து எலும்புகளிலிருந்து எடுத்த பிளேக்குக் கிருமிகள் சிலவற்றில் அது இல்லை என 2015 இல் அறியப்பட்டது. உருசியாவின் சமாரா பகுதியில், ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியிற் கிடைத்த கிருமியில் அது உண்டு. இதனால், முந்திய கிருமிகள் தெள்ளினாற் பரவியிருக்க மாட்டா எனப் பலர் கருதினர். ஆனால் 2021 இல் ஹின்னபுஷ் குழுவினர் வெவ்வேறு விலங்குகளின் இரத்தத்தைத் தெள்ளுகளுக்கு ஊட்டிப் பார்த்தனர். மனிதர், சுண்டெலி, கறுப்பெலி ஆகியவற்றின் இரத்தத்தில் நொதியமற்ற கிருமி தாக்குப்பிடிக்கவில்லை. பழுப்பெலியின் இரத்தத்திலோ, நொதியம் உள்ள கிருமிக்குக் கிட்டத்தட்ட ஒப்பாக அது வாழ்ந்தது. கடியின்வழி பரவவும் செய்தது.