மருத்துவமனையில் ஊழியர் உறவு

(மருத்துவமனை நிர்வாகிகளுக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



நோயாளிகளின் உறவினர் மருத்துவரைத் தாக்கினால் நாடே பேசுகிறது. ஊழியர்கள் தமக்குள் ஒருவரையொருவர் அவமதிப்பது பற்றிப் பேச்சே எழுவதில்லை. நோயாளிகளின் முன்னிலையில் பயிற்சி மருத்துவரை ஏசுவது, செவிலியரை ஒருமையில் விளிப்பது, வேண்டாதவருக்கே இரவுப் பணியை ஒதுக்குவது, வார்டு உதவியாளரின் சாதியைக் குத்திக்காட்டுவது ஆகியவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவது அரிது. "நாங்களும் இப்படித்தான் கற்றோம்" என்பது மூத்தவர்கள் வழக்கமாகக் கூறும் சமாதானம்.

இதனை ஊழியர் நலப் பிரச்சினையாக மட்டும் கருதுதல் போதாது. மருந்துச் சீட்டில் தசமப்புள்ளி ஓரிடம் தவறினால் மருந்தின் அளவு 10 மடங்காகிவிடும். நோயாளியின் உடலில் மருந்து சேருமுன் அதனைக் கடைசியாகக் காண்பவர் ஊசி போடும் செவிலியர். சென்ற வாரம் சந்தேகம் கேட்டு ஏச்சு வாங்கியவர் இம்முறை கேட்பாரா?

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் ஒரு சிறு விதி உண்டு. கத்தியை எடுக்குமுன் குழுவினர் யாவரும் தத்தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லிக்கொள்ள வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் எனத் தோன்றலாம். ஆயினும் ஒருமுறை வாய் திறந்தவருக்குப் பின்னர் தவறு கண்டால் சொல்லும் தயக்கம் குறைகிறது. புது டில்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் இப்பட்டியலைச் சோதித்தபோது, அறுவைக்குப் பிந்திய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. முழுப் பெருமையும் இந்த ஒரு விதிக்கே உரியது என்று நான் கூறமாட்டேன்.

நமது சட்டங்கள் என்ன செய்கின்றன? பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்மீதான சாதி வசைக்கு 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. பெண் ஊழியர்மீதான பாலியல் தொல்லைக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம். மருத்துவ மாணவர்மீதான ராகிங்கிற்கு தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைகள். இவற்றுள் அடங்காத அன்றாடச் சிறுமைகளுக்கு ஆளாகும் செவிலியரோ ஆய்வுக்கூட ஊழியரோ, பெரும்பாலும் ஏசியவரிடமே புகார் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத் துப்புரவாளருக்கு அதுவும் இல்லை. நாளை வரவேண்டாம் என்றால் முடிந்தது.

2013-ஆம் ஆண்டுச் சட்டம் புகார்க் குழுவில் வெளியார் ஒருவரும் இருக்க வேண்டும் என்கிறது. இதே ஏற்பாட்டை ஏனைய அவமதிப்புகளுக்கும், ஒப்பந்த ஊழியரையும் சேர்த்து, மருத்துவமனை தானே செய்துகொள்ளலாம். புதிய சட்டத்திற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இரவுப் பணிப் பட்டியலை மாதத் தொடக்கத்திலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குச் செலவும் இல்லை. துறைத் தலைவர்களின் ஆண்டு மதிப்பீட்டில் கீழ்ப்பணியாளரின் கருத்தைச் சேர்ப்பதுதான் கடினம். எதிர்ப்பு நிச்சயம் வரும். ஒரு துறையிலேனும் ஓராண்டு சோதித்துப் பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.