குறையைக் குறித்துச் சொல்லுக!



கணிப்பொறித் திரையில் தமிழ் ஏறிவிட்டது; ஆயின், ஏறிய இடத்தில் செம்மையுற அமர்ந்துள்ளதா என்பதே வினா. 'முடிவு' என்னுஞ் சொல்லின் ஈற்றெழுத்து, பொத்தானின் உயரம் போதாமையால் அடியறுந்து 'முடிவ' எனத் தோன்றுகின்றது. வேறொரு திரையில் 'நீக்கு' என்னும் வினை முன்னும், கோப்பின் பெயர் பின்னுமாக, ஆங்கிலத் தொடரின் அடைவே தமிழுக்கும் விதியாகின்றது.

இவை கண்டு சினப்போர் பலர். சினம் முறையே, ஆனால், நிரலர் கைக்கு எட்டுவது 'தமிழ் சரியில்லை' என்னும் இரு சொல்லாயின் பயனென்ன? அவர் தமிழறியாதவராக இருக்கலாம். அவர்தம் பொறியில் அக்குறை தோன்றாமலும் போகலாம். காணாத குறையை எவர் களைவார்?

1998-இல் மொசில்லாத் திட்டத்தினர் வெளியிட்ட 'பக்சில்லா' என்னும் குறைப்பதிவு மென்பொருள், பிழைகளையேயன்றி மாற்ற வேண்டுகோள்களையும் எண்ணிட்டுக் காக்கின்றது. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம் என அது கேட்கின்றது. எழுதுவோரும் மூன்றனைத் தெளிவுறுத்தல் வேண்டும்: என்னென்ன செய்தபோது குறை தோன்றிற்று? திரையில் கண்டதென்ன? காண வேண்டியதென்ன? இவற்றோடு திரைப்படியையும், தமிழ்ச்சொல்லின் பொருளை நிரலர் அறிந்த மொழியிலும் சேர்த்தல் நன்று. ஒரு பதிவில் ஒரு குறையே இடம்பெறுக. இரண்டைக் கலந்தால் ஒன்று தீர்ந்ததும் மற்றது மறைந்தொழியும்.

தேவை வேறு, தீர்வு வேறு. 'பொத்தானைப் பெரிதாக்குக' என்பது தீர்வு பற்றிய கணிப்பு. 'எழுத்தின் அடி அறுகின்றது' என்பதே மெய்ந்நிலை. வரியின் உயரத்தைச் சிறிது கூட்டினாலே குறை தீரலாம். அதனை ஆய்தல் நிரலர் கடன்.

சொல்லடைவுக் குறைக்குக் காரணமும் கூறுக. தமிழில் வினை ஈற்றில் நிற்கும். யப்பானியம், கொரியம், துருக்கியம் ஆகியவற்றிலும் அஃதே. ஆகவே, சொற்களைத் துண்டுதுண்டாக ஒட்டாமல் முழுத்தொடராக வைத்து, பெயர் வருமிடத்தை இடங்குறியால் காட்டினால், ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் தத்தம் மொழிமரபிற்கேற்ப அதனை அமைத்துக்கொள்வர். ஒருமுறை செய்த திருத்தம் பல மொழிகட்கு உதவுமென அறியும் நிரலர் அதனை எளிதிற் புறந்தள்ளார்.

'முடிவ' எனக் காணும் இளைஞன் மறுநொடியே ஆங்கிலத் திரைக்கு மாறுகின்றான். பலர் அவ்வாறு மாறியபின், 'தமிழ்த்திரையைப் பயன்படுத்துவார் இல்லை' என்று அதனையே நிறுத்திவிடவும் கூடும். ஆதலின், குறை கண்ட அன்றே பதிவு செய்க. எண்ணைக் குறித்து வைத்துக்கொள்க. நிரலர் வினவின் தாழாது விடையிறுக்க. திருத்திய பதிப்பு வந்ததும் மீண்டும் பார்த்து உறுதி செய்க! திரையில் தமிழ் நிலைபெற இத்தொண்டும் இன்றியமையாதது.