ஈனும் பசுவும் நம் கடமையும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எம்மைப் பேசும்படி பணித்த விஷயம் கல்வியுமன்று, அரசியலுமன்று. நம் தொழுவத்திற் கட்டியிருக்கும் பசு கன்று ஈனுங்காலத்தில் நாம் செய்யத்தக்கன யாவை, தகாதன யாவை என்பதேயாம். இதனை அற்ப விஷயமென்று எண்ணுவோர் இச்சபையில் இலர் என்று நம்புகிறோம். நம்மவருள் பல குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்புச் செலவும், மளிகைக் கடைப் பாக்கியும் பாற்காசைக் கொண்டே தீர்கின்றன. ஈற்றிலே ஒரு பசு இறந்துபோமாயின், அக்குடும்பத்தின் ஓராண்டு வரும்படி ஓரிரவில் அழிந்துபோம். அன்றியும், வாயில்லாச் சீவன் தன் வேதனையை எடுத்துரைக்க மாட்டாது. நாமே பார்த்தறிதல் வேண்டும்.

யாம் சொல்லப் போவதன் சாரம் ஒன்றே. ஈற்றுக் காலத்தில் பொறுத்திருக்க வேண்டிய வேளையும் உண்டு. விரைய வேண்டிய வேளையும் உண்டு. நாமோ பொறுக்க வேண்டியபோது அவசரப்படுகிறோம். விரைய வேண்டியபோது காத்திருக்கிறோம். நம் தொழுவங்களில் நேரும் நஷ்டங்களிற் பல இம்மாறாட்டத்தால் வருவனவே.

முதலில் ஈற்றுக்கு முன் செய்யத்தக்கவற்றைப் பார்ப்போம். பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். எருமைக்கு 310 நாள். ஆட்டுக்கு 150 நாள். சினை சேர்த்த தேதியைக் குறித்து வைப்போர் நம்மில் எத்தனை பேர்? தேதி தெரியாவிடில், பால் வற்றவிடும் காலமும் தெரியாது, ஈனும் காலமும் தெரியாது. ஈற்றுக்கு 60 நாள் முன்னதாகக் கறவையை நிறுத்திவிட வேண்டும். வயிற்றுக் கன்றின் வளர்ச்சியிற் பெரும்பகுதி கடைசி 3 மாதங்களிலேயே நிகழ்கின்றது. அப்போது அரைப்பட்டினி போட்ட பசு, ஈன்ற பின் எத்துணைத் தீனியிட்டாலும் எளிதில் தேறாது. ஈனும் நாள் நெருங்கியதும் மற்ற மாடுகளினின்று பிரித்து, வழுக்காத உலர்ந்த தரையில் சுத்தமான வைக்கோலைப் பரப்பிக் கட்டுக. சாணியும் மூத்திரமும் தேங்கிய சிமிட்டித் தரை பசுவுக்கும் ஆகாது, கன்றுக்கும் ஆகாது.

ஈற்று நெருங்குவதற்கு அடையாளங்கள் உண்டு. மடி பெருத்துக் காம்புகள் நிறையும். வாலடியின் இருபுறமும் தசை தளர்ந்து குழி விழும். யோனி வீங்கிக் கண்ணாடி போன்ற கெட்டிச் சளி தொங்கும். பிறகு பசு தீனியை வெறுத்து, படுப்பதும் எழுவதுமாய், தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். கருப்பையின் வாய் திறக்கும் இக்கட்டம் சில மணி நேரம் நீளும். தலையீற்றுக் கிடேரிக்கு இன்னும் அதிகமாகும். இவ்வேளையிற் கூட்டங்கூடுவதும், கூச்சலிடுவதும், கையை விட்டுப் பார்ப்பதும் பெருந்தவறு. எட்ட நின்று பார்த்திருத்தலே இங்கு நாம் செய்யும் உபகாரம்.

அடுத்துத் தண்ணீர்க்குடம் தோன்றி உடையும். முன்னங்கால்கள் இரண்டும் முதலில் நீண்டு, அவற்றின்மேல் மூக்கு படிந்திருக்க, நீரிற் குதிப்பவன் கையை நீட்டினாற்போலக் கன்று வருமாயின், அதுவே இயல்பான நிலை. பசு முக்கித் தானே ஈன்றுவிடும். கால் தெரிந்தவுடன் நாலுபேர் கயிறு கட்டி இழுக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. வழி நன்கு திறவாமுன் இழுப்பதால் தாயின் உறுப்புக் கிழிகின்றது. கருப்பையே வெளித்தள்ளி விடுவதும் உண்டு. இழுத்தே தீரவேண்டிய சமயத்திலும், பசு முக்கும்போது மாத்திரம் இழுத்து, அது ஓயும்போது நாமும் ஓய வேண்டும். அதுவும் அறிந்தவர் கையால் நிகழ வேண்டும்.

ஆயின் எப்போது விரைய வேண்டும்? தண்ணீர்க்குடம் உடைந்து, பலமுறை ஈன்ற பசுவுக்கு 1 மணி நேரமும், கிடேரிக்கு 2 மணி நேரமும் கடந்த பின்னும் முன்னேற்றம் இல்லையேல் மருத்துவரை அழைக்க. ஒரு கால் மாத்திரம் வந்தாலும், கால் இல்லாமல் தலை மாத்திரம் வந்தாலும், வால் மாத்திரம் தென்பட்டாலும், குளம்பின் அடிப்பக்கம் மேல்நோக்கி இருந்தாலும், ஒரு நிமிஷமும் தாமதியாது அழைக்க. அடிப்பக்கம் மேல்நோக்கிய குளம்பு பெரும்பாலும் பின்னங்கால் ஆகும். அவ்வாறு பின்புறமாய் வரும் கன்றுக்கு, தலை வெளிப்படுமுன் தொப்புள்கொடி நசுங்கி மூச்சு முட்டும். சென்னையில் 1903-ஆம் ஆண்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. 1989-இல் கால்நடைக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் நம் மாநிலத்தில் நிறுவப்பெற்றது. அங்குப் பயின்றவர்கள் பல ஊர்களிலும் பணிபுரிகின்றனர். 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியிற் சொன்னால் மருத்துவ ஊர்தியை அனுப்பும் ஏற்பாடும் உண்டு. இத்தனை இருந்தும், விடியட்டும் என்று இராமுழுதும் வாளாவிருத்தல் நியாயமாகுமா?

கன்று விழுந்தவுடன் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்து, மூச்சு வாராவிடில் ஒரு வைக்கோற் துரும்பால் மூக்குத் துளையைச் சீண்டி, விலாவை வைக்கோலால் அழுந்தத் தேய்க்க வேண்டும். பின்பு தாயின் முன் விடுக. தாய் நக்குவதே கன்றுக்குச் சூடும் சுறுசுறுப்பும் தரும். தொப்புள்கொடியை உடலினின்று ஓரங்குலம் விட்டுச் சுத்தமான நூலாற் கட்டி, அதன் கீழே வெட்டி, டிங்சர் அயோடின் தடவுக. சாணியும் சாம்பலும் அப்புதல் ஆகாது. அவற்றால் சீழும் இசிவு நோயும் வரக்கூடும்.

இனிச் சொல்லப்போவது எம் வீட்டுக் கதை. எம் குற்றத்தை எம் வாயாலேயே கூறுவதற்கு வெட்கப்படுகிறோம். ஆயினும் இச்சபைக்குப் பயன்படுமாதலின் கூறுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் எம் வீட்டுப் பசு மூன்றாம் ஈற்றாக ஒரு கிடாரிக்கன்றை ஈன்றது. நெற்றியிற் சுட்டியோடு பிறந்த அழகிய கன்று. அரை மணி நேரத்தில் எழுந்து நின்று, தள்ளாடித் தள்ளாடி மடியைத் தேடிற்று. ‘நச்சுக்கொடி விழாமல் ஊட்டவிடலாகாது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். யாமும் அதனை அப்படியே நம்பிக் கன்றைப் பிடித்துத் தனியே கட்டினோம். கொடி அன்றிரவு விழவில்லை; மறுநாள் உச்சிவேளையில்தான் விழுந்தது. அதன் பிறகே கன்றை அவிழ்த்துவிட்டோம். மூன்றாம் நாள் வெள்ளைக் கழிச்சல் கண்டது. ஐந்தாம் நாள் கன்று இறந்தது. பசு வெறுங் கட்டுத்தறியைப் பார்த்து மூன்று நாள் கத்திக்கொண்டிருந்தது. பிறகு வந்த மருத்துவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. ‘முதல் நாளே சீம்பால் கொடுத்தீர்களா?’ என்று மாத்திரம் கேட்டார். அக்கேள்வியை இன்றும் யாம் மறக்கவில்லை.

அவர் கூறிய காரணத்தை அனைவரும் மனத்திற் பதித்தல் வேண்டும். மனிதக் குழந்தை கருவில் இருக்கும்போதே நோயை எதிர்க்கும் சத்தைத் தாயின் இரத்தத்தினின்று பெறுகின்றது. கன்றுக்கோ அந்த வழி அடைபட்டுள்ளது. அது நோயை எதிர்க்கும் சத்து ஏறக்குறைய ஒன்றுமின்றியே பிறக்கின்றது. அச்சத்து முழுதும் சீம்பாலில் இருக்கிறது. அதனை அப்படியே உட்கொள்ளும் ஆற்றல் கன்றின் குடலுக்குப் பிறந்த முதற் சில மணி நேரமே மிகுதி. நேரம் செல்லச் செல்லக் குறைந்து, 24 மணி நேரத்தில் அவ்வாயில் அடைபட்டு விடுகின்றது. ஆகவே பிறந்த முதல் ஒரு மணி, இரண்டு மணிக்குள் சீம்பால் ஊட்டுக. 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் வேண்டும்; அதிற் பாதியை முதல் ஊட்டிலேயே கொடுத்துவிடுதல் நலம். சீம்பாலைக் கன்றுக்குக் கொடாமல் அண்டை வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் தாய்மார்களே! கன்றின் பங்கு போக மிஞ்சியதே நமக்கு உரியது.

கன்று ஊட்டுவதனால் கொடிக்கு யாதொரு தீங்குமில்லை. மடியைக் கன்று முட்டிச் சப்பும்போது தாயின் உடலிற் சுரக்கும் நீரே கருப்பையைச் சுருங்கச் செய்து, கொடி விழவும் துணைபுரிகின்றது. யாம் எதற்கு அஞ்சிக் கன்றைக் கட்டினோமோ, அதற்கு அதனை அவிழ்த்துவிடுவதே மருந்தாயிருந்தது!

கொடி பெரும்பாலும் 8 முதல் 12 மணி நேரத்துள் விழும். விழாவிடில் அதிற் கல்லையும் செருப்பையும் கட்டித் தொங்கவிடுதலும், கையால் பிடித்திழுத்தலும் கூடாது. கருப்பை புண்பட்டு, அடுத்த சினையே தவறும். 12 மணி கடந்தால் மருத்துவரிடம் சொல்லுக. விழுந்த கொடியைச் சாக்கிற் பொதிந்து ஆலமரத்திற் கட்டினால், பாலுள்ள மரம்போலப் பசுவும் பால் பெருகும் என்பது முன்னோர் எண்ணம். அவர்கள் அன்பை வணங்குவோம்; ஆயினும் கருச்சிதைவு நோயுள்ள பசுவின் கொடியினால் மற்ற மாடுகளுக்கும் மனிதருக்கும் அந்நோய் பரவுமென்று இப்போது தெரிந்திருக்கிறது. ஆதலால் வெறுங்கையால் தொடாது, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பதே தக்கது. அந்நோய்க்குக் கிடாரிக்கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதிற்குள் ஒரு தடுப்பூசி உண்டு; 2019-இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தில் அதுவும் சேர்ந்துள்ளது.

ஈன்ற முதல் 3 நாளும் பசுவின் மேல் கண் வைத்திருத்தல் வேண்டும். மிகுதியாய்க் கறக்கும் பசு திடீரெனத் தள்ளாடிப் படுத்து, காது குளிர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொள்ளுமாயின் அது பால்காய்ச்சல். பெயர் காய்ச்சலேயன்றி உடல் சுடாது. சுண்ணாம்புச் சத்து இரத்தத்தில் குறைவதே காரணம். மருத்துவர் நரம்பின் வழி மெல்ல மருந்தேற்றினால், சாகக்கிடந்த பசு சிறிது நேரத்தில் எழுந்து நிற்பதைக் கண்டிருக்கிறோம். விழுங்க மாட்டாத அந்நிலையில் கஷாயத்தை வாயிற் புகட்டினால் அது நுரையீரலிற் புகுந்து உயிரைக் கொல்லும்.

அன்பர்களே! நம் சங்கத்தார் இன்று முதல் மூன்று காரியங்களைக் கைக்கொள்ள வேண்டுகிறோம். சினை சேர்த்த நாளைத் தொழுவத்துச் சுவரில் எழுதி வைப்போம். ஈனும் பசுவை அவசரப்பட்டு இழுக்கமாட்டோம். ஆபத்தின் அடையாளம் கண்டால் விடியலுக்குக் காத்திருக்கவும் மாட்டோம். பிறந்த கன்றுக்கு முதற் பாலை மறுக்கமாட்டோம். பணச் செலவில்லாத காரியங்கள் இவை. எம் வீட்டுத் தொழுவத்தில் நேர்ந்தது இனி உங்களில் எவர் வீட்டிலும் நேராதிருக்குமாயின், யாம் இன்று வெட்கத்தை விட்டுப் பேசியதற்கு அதுவே போதிய பயனாகும்.