கருவில் வளரும் பிள்ளையும் நாம் விடும் புகையும்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

நம் வீட்டில் ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்றால், எதை உண்ணலாம், எதைத் தூக்கலாகாது என்று ஆளுக்கோர் அறிவுரை வழங்குகிறோம். பப்பாளியை விலக்குகிறோம். ஆனால் அதே வீட்டுத் திண்ணையில் நாம் பற்றவைக்கும் பீடியை விலக்கச் சொல்பவர் எவருமில்லை. எனவே இன்று ஆண்களாகிய நம்மை நோக்கியே பேச விழைகிறோம்.

2016-17ஆம் ஆண்டின் உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆண்களில் 19 விழுக்காட்டினரும் பெண்களில் 2 விழுக்காட்டினரும் புகைத்தனர். ஆயினும் வயதுவந்தோரில் 38.7 விழுக்காட்டினர் வீட்டிலேயே பிறருடைய புகைக்கு ஆளாகியிருந்தனர். பீடியைத் தொட்டறியாத பெண்ணும் புகையிலிருந்து தப்புவதில்லை என்பதே இதன் பொருள்.

அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிகோடின் நச்சுக்கொடியின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. பிள்ளைக்குச் சேர வேண்டிய ஊட்டம் வழியிலேயே குன்றிவிடுகிறது. நம் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பெயரால் அரசு மகப்பேறு நிதியுதவி வழங்குகிறது. அதைக் கொண்டு தாய்க்குச் சத்துணவு வாங்கித் தந்துவிட்டு, அச்சத்து பிள்ளையைச் சேரும் வழியைப் புகையால் நெருக்குவது நியாயமாகுமா?

இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் ஒரு முடிவை வெளியிட்டனர். தாம் புகைக்காமல் பிறர் புகைக்கு ஆளான கர்ப்பிணிகளுக்குக் குழந்தை இறந்து பிறக்கும் வாய்ப்பு 23 விழுக்காடும், பிறவிக் குறைபாட்டுக்கான வாய்ப்பு 13 விழுக்காடும் மிகுதி என்பதே அம்முடிவு. குழந்தையின் எடை குறைவதும் உண்டு. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் குழந்தை நோயை எதிர்க்க வலுவின்றித் தவிக்கிறது.

நம் ஊர்ப்புறங்களில் அடுப்புப் புகையும் இதனோடு சேர்கிறது. தென் தமிழகக் கிராமங்களில் பிறந்த 11,728 குழந்தைகளைக் கொண்டு 2009இல் வெளியான ஆய்வில், விறகும் வறட்டியும் எரித்த வீடுகளில் எடை குறைந்த பிறப்பு 49 விழுக்காடு மிகுந்திருந்தது. ஏற்கெனவே அடுப்படியில் புகையுண்டு நிற்பவளுக்குப் பீடிப் புகையையும் நாம் சேர்த்தளிக்கலாமா?

2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பதற்குத் தடை நடைமுறையில் உள்ளது. ஆனால் அச்சட்டம் நம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே மாமனாரிடமோ கணவரிடமோ "வெளியே போய்ப் பிடியுங்கள்" என்று சொல்ல நம் மருமகள்மார்க்கு நா எழுவதில்லை. அவள் கேட்பதற்கு முன் நாமே உணர்ந்து நடப்பதன்றோ முறை?

ஆகவே வேண்டுகிறோம்: வீட்டுக்குள்ளும், திண்ணையிலும், சன்னலோரத்திலும் புகைத்தலை அறவே நிறுத்துவோம். சன்னலைத் திறந்தால் புகை முற்றும் போய்விடும் என்பது தவறான எண்ணம். விருந்துப் பந்தல்களிலும் இதைக் கடைப்பிடிப்போம். வெற்றிலையோடு புகையிலை சேர்க்கும் தாய்மார்களும் கருவுற்றதும் அதைக் கைவிட வேண்டும். அதிலும் நிகோடின் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியரிடம் வீட்டில் புகைப்போர் இருப்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். விட முயன்று முடியாதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை பெறலாம்.

பிறக்கப்போகும் பிள்ளைக்கு நாம் அளிக்கும் முதல் சீர், தூய காற்றாக இருக்கட்டும்.