ஆயா பேரு என்ன?

(நைனார்பாளையத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது.)

போன கூட்டத்தில் பட்டா மாறுதல் பற்றிப் பேசும்போது நான் குறுக்கே பேசிட்டேன். அதனால இந்த மாசம் முழுசா நீயே பேசுன்னு ஊக்குநர் சொல்லிட்டாங்க.

நான் 1994-ல கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவ. எங்க வீட்டு நிலம் 3 ஏக்கர் 12 சென்ட். என் மாமனார் 2018-ல இறந்தாங்க. 2021-ல பட்டா மாத்தலாம்னு போனப்போதான் தெரிஞ்சுது, பட்டா இன்னும் மாமனாரோட அப்பா பேர்லயே இருக்கு. தாத்தாவுக்கு வாரிசு சான்று வேணும், அதுக்கு அவர் மனைவி பேர் வேணும்னாங்க. வீட்ல யாருக்குமே தெரியல! ஊரே அவங்களை வடக்கனந்தலான்னுதான் கூப்பிட்டிருக்கு. பொறந்த ஊர் வடக்கனந்தல், அதனால அந்தப் பேர். 1974-ல செத்துப்போனாங்க, இறப்பைப் பதியவும் இல்ல. அத்தை அவங்களோட ஒரே அடுப்பில் சமைச்சவங்க. அவங்களுக்கே தெரியலைன்னா பாருங்க.

பேர்தான் தெரியல, அவங்க செஞ்சது எல்லாருக்கும் தெரியும். அப்போ எங்களுது மானாவாரி நிலம். கம்பு, வரகு, மல்லாட்டை. கிணறு வெட்ட ஆரம்பிச்சுப் பாறை வந்துடுச்சு, கையில காசு இல்ல. ஆயா காதுல கெடந்ததையும் கால் காப்பையும் கழட்டிக் கொடுத்து, தானும் கூடையில மண் சுமந்திருக்காங்க. தண்ணி வந்தது. கவலை ஓட்டி எறைச்சாங்க, அப்புறம் ஆயில் இன்ஜின், அப்புறம் கரண்ட் மோட்டார். 1990-ல விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்த பிறகு கரும்பு போட்டோம். இப்போ கிணறு வத்தி போர் போட்டு, மரவள்ளியும் மக்காச்சோளமும். அந்தக் கிணத்துக்கு இன்னிக்கும் தாத்தா கிணறுன்னுதான் பேரு.

எங்க ஊக்குநர் மக காலேஜ் படிக்குது, அது ஒண்ணு சொல்லுச்சு. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்கா நேட்டாலுக்குக் கப்பல்ல கூலியாகப் போனவங்க சுமார் 1,52,000 பேராம். அதுல நம்ம பழைய தென்னாற்காடு ஜில்லாக்காரங்களும் உண்டு. ஒவ்வொருத்தர் பேர், அப்பா பேர், வயசு, தாலுகா, ஊர்னு பதிவு எழுதியிருக்காங்க, பொம்பளைங்களுக்கும் சேர்த்து. பேரப்பிள்ளைங்க இன்னிக்கு அதை வச்சுத்தான் தங்க ஊரைத் தேடுறாங்களாம். கூலிக்கு ஆள் பிடிச்சவன் எழுதி வச்சான், நாம எழுதி வைக்கல. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

கடைசியில பேர் எங்கே கெடைச்சுது தெரியுமா? பரண்ல இருந்த பித்தளை அண்டாவில. ஆயாவுக்குச் சீர் கொடுத்தப்போ பேர் வெட்டிக் கொடுத்திருக்காங்க. புளி போட்டுத் தேய்ச்சதும் எழுத்து தெரிஞ்சுது. பெரியவங்க பேரைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுது, அதனால இங்கே சொல்லல. நோட்டுல எழுதி வச்சிருக்கேன். அந்தப் பேர் தெரிஞ்ச பிறகுதான் ஊரில் விசாரிச்சு, மனு எழுதி, ஒவ்வொண்ணா நகர்ந்துச்சு.

அடுத்து மாமனாரோட வாரிசு. அத்தை, எங்க வீட்டுக்காரர், அவர் அக்கா. அண்ணியை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிடலாம்னு வீட்ல பேச்சு. அண்ணிக்குக் கல்யாணம் 1986-ல. தமிழ்நாட்டுச் சட்டம் 1989 மார்ச் 25-க்கு முன்னாடி கல்யாணமான பொண்ணுங்களைச் சேர்க்கல. ஆனா 2005 செப்டம்பர் 9 முதல், கல்யாணம் ஆனாலும் ஆகாட்டியும் மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு. அப்பா அந்தத் தேதியில் உயிரோட இருந்திருக்கணும்னு இல்லைன்னு 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. (2004 டிசம்பர் 20-க்கு முன்னாடியே பதிவு பண்ணிய பாகப்பிரிவினையை இது கலைக்காது.)

ஒளிக்காம சொல்றேன், அண்ணி கையெழுத்துப் போட்டா எனக்கும் என் பிள்ளைங்களுக்கும்தான் லாபம். ரெண்டு நாள் நானும் வாயைத் திறக்கல. அண்ணி கையெழுத்துப் போடத்தான் வந்தாங்க. அண்டாவைப் பார்த்துட்டு, "என் பேரையும் இதுல வெட்டி வச்சிடுங்க, வேற எதுலயும் இருக்கப் போறதில்லையே"ன்னு சிரிச்சாங்க. என்னால தாங்க முடியல. வேண்டாம் அண்ணி, கையெழுத்துப் போடாதீங்கன்னுட்டேன். எங்க வீட்டுக்காரர் ரெண்டு மாசம் என்கிட்ட சரியாப் பேசல. இப்போ பட்டாவில் மூணு பேர் பேரும் இருக்கு.

அண்டாவில இப்பவும் மல்லாட்டை அவிக்கிறோம். குழு கணக்கு எழுதுற மாதிரியே ஒரு நோட்டு போட்டு, யார் எந்த ஊரிலேர்ந்து வந்தாங்க, எப்போ பொறந்தாங்க, எப்போ செத்தாங்க, எந்த நகையை வித்து எதை வாங்கினோம்னு எழுதிக்கிட்டு வரேன். ஆயாவோட அம்மா பேர் வர வேண்டிய இடம் மட்டும் காலியா இருக்கு. வடக்கனந்தல் பக்கம் சொந்தம் இருக்கிறவங்க கூட்டம் முடிஞ்சதும் என்னைப் பாருங்க.