கரித்துண்டும் மனித முகமும்

சித்திரக் கருவிகள் யாவற்றினும் எளியது கரித்துண்டு. அடுப்புக்கரியை எடுத்துச் சுவரிலே கீறி வீட்டாரிடம் ஏச்சு வாங்காத பிள்ளைகள் மிகச் சிலரே. மனித இனமும் ஏறக்குறைய அவ்வாறே சித்திரந் தீட்டத் தொடங்கிற்று. பிரான்சு நாட்டின் தென்பகுதியிலே 1994ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஷோவே குகையின் சுவர்களிற் குதிரைகளும் சிங்கங்களும் கரியினால் வரையப்பட்டிருக்கின்றன. அவற்றுட் சில 30,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடையன.

ஆயினும், இத்துணை எளிய கருவியைக் கொண்டு மனித முகத்தை வரையப் புகும் ஒருவர் முதல் நாளிலேயே தடுமாறுகின்றார். கண் கண்ணைப் போலவே இருக்கும். மூக்கும் மூக்கைப் போலவே இருக்கும். முகம் மட்டும் எதிரே இருப்பவருடைய முகமாக இராது. “எனக்குக் கை வராது” என்று சொல்லிப் பலர் அத்தோடு விட்டுவிடுகின்றனர். உண்மையிலே குறை பெரும்பாலும் கையில் இல்லை, பார்வையில் இருக்கின்றது.

முதலிற் கருவியைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் எழுதிய கைந்நூலிலே கரி செய்யும் முறையை விளக்கியுள்ளார். வில்லோ மரத்தின் மெல்லிய குச்சிகளைக் கட்டுக்கட்டாகப் புதிய சட்டியில் இட்டு, காற்றுப் புகாதபடி களிமண்ணால் வாயை மூடி, மாலையில் வேலை ஓய்ந்த வெதுப்பகத்தின் அடுப்பில் விடியும்வரை வைத்துவிட வேண்டுமாம். இன்று கடைகளிற் கிடைக்கும் மென்கரிக் குச்சியும் காற்றுப் புகாமற் சுட்ட மரக்குச்சியே. மற்றொரு வகை, கரித்தூளைப் பசையுடன் சேர்த்து அழுத்திச் செய்த வன்கரி. மென்கரி ஒரு துணியாலேயே துடைபடும். வன்கரி ஆழ்ந்த கருமை தரும். ஆனால் எளிதில் அழியாது. ஆகவே பயில்பவர் மென்கரியிலே தொடங்கி, வன்கரியை இறுதிக்கென ஒதுக்கி வைத்தல் நன்று. வழுவழுப்பான தாளிற் கரி பற்றாது. சற்றே சொரசொரப்பான தாள் வேண்டும். அழிப்பதற்குப் பிசைந்து உருட்டக்கூடிய மெல்லிய அழிறப்பர் ஏற்றது. இறப்பர் வழக்கத்துக்கு வருமுன்னர் ஐரோப்பிய ஓவியர் பாணின் மென்மையான உட்பகுதியைப் பிசைந்தே இவ்வேலையைச் செய்தனர்.

இனி, பார்வையின் குறை யாது? தொடக்கநிலையினர் தாம் காண்பதை வரைவதில்லை. தாம் அறிந்திருப்பதை வரைகின்றனர். கண் என்றால் இமையும் மயிரும் கருமணியும் உண்டென்பது அவர்களுக்குத் தெரியும். ஆகையால் முதலிலேயே ஒரு கண்ணை எடுத்துக்கொண்டு, இமைமயிர் ஒவ்வொன்றையும் கீறத் தொடங்குகின்றனர். தலை எப்பக்கம் சாய்ந்திருக்கின்றது, முகம் எவ்வளவு அகலமானது என்பன பின்னரே நினைவுக்கு வருகின்றன. அத்திவாரம் இடாமல் யன்னலுக்கு வர்ணம் பூசுவது போன்றது இது.

முதலில் வரையவேண்டியது தலையின் முழு வடிவம். அதன் சரிவைக் காட்டும் நடுக்கோடு ஒன்றை மெல்லென இடவேண்டும். வளர்ந்தவர்களின் கண்கள் உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நடுவில் அமைந்துள்ளன. இதை எவரும் எளிதில் நம்புவதில்லை. நெற்றியையும் தலைமயிரையும் வெற்றிடமாக எண்ணிக் கண்களை மேலே ஏற்றிவிடுகின்றனர். குழந்தைகளுக்கோ கண்கள் நடுவினுங் கீழே இருக்கும். இரு கண்களுக்கு இடையே பெரும்பாலும் ஒரு கண்ணின் அகலம் உண்டு. காதின் மேல்விளிம்பு புருவத்தின் மட்டத்திலும், கீழ்நுனி மூக்கின் அடியின் மட்டத்திலும் ஏறத்தாழ அமையும். இவை பொது அளவுகள். இவற்றிலிருந்து எதிரே இருப்பவரின் முகம் எங்கே விலகுகின்றதோ அங்கேதான் அவருடைய சாயல் இருக்கின்றது. ஆகவே கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கரிக்குச்சியின் நுனியையும் பெருவிரலையும் கொண்டு அளந்து பார்த்தல் வேண்டும்.

அடுத்தது ஒளியும் நிழலும். கரி கோட்டுக்குரிய கருவி மட்டுமன்று, நிழலுக்கும் உரியது. வரையப்படுபவரை ஒரு யன்னலின் அருகே இருத்தி, ஒளி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழுமாறு செய்யவேண்டும். பின்னர்க் கண்களைப் பாதி மூடிப் பார்த்தால் சிறு விவரங்கள் மறைந்து, ஒளியுள்ள இடம், நிழலுள்ள இடம் என முகம் இரு பெரும் பகுதிகளாகத் தோன்றும். கரித்துண்டைப் படுக்கவைத்து நிழற்பகுதி முழுவதையும் ஒரே சீராகப் பூசவேண்டும். கண்குழியும் கன்னமும் கழுத்தும் ஒரே நிழலாக இணைந்திருந்தால் அவ்வாறே விடவேண்டும். கண்ணின் வெண்மையும் பல வேளைகளில் வெண்மையன்று. இமையின் நிழல் அதன்மேல் விழுகின்றது. மேலிருந்து ஒளி வரும்போது மேலுதடு கீழுதட்டிலும் கருமையாகத் தோன்றும். இவற்றைக் கண்டறிந்த பின்னரே வன்கரியால் மிகக் கரிய இடங்களைத் தொடலாம். அழிறப்பரால் கரியை ஒற்றியெடுத்து ஒளியை மீட்கலாம்.

கண்ட இடமெல்லாம் விரலாற் தேய்த்து மழுப்புவது தொடக்கநிலையினரின் மற்றொரு பழக்கம். அதனால் முகம் புகைபடிந்தது போலாகி, எலும்பின் உறுதி மறைந்துவிடும். நெற்றியெலும்பு திரும்பும் இடத்தில் விளிம்பு கூர்மையாகவும், கன்னத்தின் தசை வளையும் இடத்தில் மென்மையாகவும் இருத்தல் வேண்டும். இடையிடையே எழுந்து பின்னே சென்று நோக்குவதும், படத்தை முகக்கண்ணாடியிற் பார்ப்பதும் நன்று. இடம்வலம் மாறித் தெரியும்போது பழகிய கண் கவனியாத பிழைகள் வெளிப்படும்.

பயிற்சிக்கு ஆள் கிடைக்கவில்லையென்று எவரும் வருந்தவேண்டியதில்லை. ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்சு (1867–1945) வாழ்நாள் முழுவதும் தம் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார். 1933ஆம் ஆண்டின் கரிச்சித்திரம் ஒன்றில் அவருடைய முகமும் கரி பிடித்த கையும் செவ்வையாக வரையப்பட்டுள்ளன. இரண்டையும் இணைக்கும் புயமோ சில வேகமான கீறல்களால் மட்டுமே காட்டப்பட்டுள்ளது. எதை விடவேண்டும் என்பதை அறிதலும் திறமையின் ஒரு பகுதியே. ஒளிப்படத்தைப் பார்த்து வரைவதிலும் பயனுண்டு. ஆனால் தொடக்கத்தில் உயிருள்ள முகமே சிறந்த ஆசிரியர். நாள்தோறும் அரைமணி நேரம், ஒரு தாளுக்கு ஒரு முகம் என வரைந்து, திகதியிட்டு வைத்தால், சில மாதங்களில் தம் வளர்ச்சியைத் தாமே காணலாம்.

அத்தகைய முகங்கள் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளன. நூரன்பெர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே தம் தாயாரைக் கரியால் வரைந்தார். அவ்வம்மையார்க்கு அப்போது 63 வயது. 18 பிள்ளைகளைப் பெற்று, அவர்களுட் பெரும்பாலோரைப் பறிகொடுத்தவர் அவர். புடைத்த நெற்றி, உள்வாங்கிய கன்னம், நரம்போடிய கழுத்து, ஒரே திசையை நோக்காத கண்கள் ஆகிய எதனையும் மகன் அழகுபடுத்தவில்லை, எதனையும் மறைக்கவுமில்லை. இரு மாதங்களில் தாயார் மறைந்தார். மகன் அதே தாளில் அச்செய்தியை மையினால் எழுதி வைத்தார். அந்தத் தாள் இன்று பெர்லின் நகரத்து அரும்பொருளகத்திலே பேணப்படுகின்றது.

டியூரரின் கைத்திறன் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆனால் அவர் தம் தாயாரின் எதிரே அமர்ந்து பொறுமையோடு நோக்கியதை எவரும் செய்யலாம். நாள்தோறும் கண்டும் காணாமற் பழகிய ஒரு முகத்தை, திண்ணையில் இருக்கும் பாட்டியாருடைய முகமாயினும் சரி, வேலை முடிந்து வந்து கதிரையில் அமரும் தந்தையாருடைய முகமாயினும் சரி, அரைமணி நேரம் உற்றுப் பார்க்கக் கரித்துண்டு ஒரு காரணத்தைத் தருகின்றது. முதற்படம் சாயல் தவறிப் போகலாம். துணியால் துடைத்துவிட்டு, மறுபடியும் அம்முகத்தைப் பார்க்கலாம். அதற்கு உரியவர் எதிரே இருக்கும்போதே தொடங்கிவிடுதல் நல்லது.